எந்த இமை, டாக்டர்?

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் கிளினிக்கில் டாக்டர் ஒருவர், ‘இமைத்தோலில் ஒவ்வாமை அழற்சி’ என்று கணினியில் ஒரு வரி தட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். அந்த வரி மறுநாள் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு பட்டதாரியின் திரையில் வந்து நிற்கிறது. அவர் விலங்கியலோ மைக்ரோபயாலஜியோ நர்சிங்கோ படித்தவர். அந்த வரியை ஆறு குறிகள் கொண்ட ஓர் எண்ணாக மாற்றித் தருவதுதான் அவர் வேலை. எச், 0, 1, 1, 1 என்று ஐந்து குறிகள் மளமளவென்று வந்துவிடுகின்றன. ஆறாவதில் கை நிற்கிறது. வலக்கண்ணா, இடக்கண்ணா? மேல் இமையா, கீழ் இமையா?

டாக்டர் அதை எழுதவில்லை. நோயாளியின் முகத்தை நேரில் பார்த்தவர் அவர் மட்டும்தான். பூமியின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யூகித்து எழுத முடியாது. யூகிக்கவும் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் சட்டம். “எழுதலைன்னா நடக்கலைன்னு அர்த்தம்” என்று பயிற்சி மையங்களில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மனித உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான். அதில் வரும், தொற்று இல்லாத நாலைந்து நோய்களை எழுத்தில் சரியாகப் பதிவதற்குள் எத்தனை முடிச்சுகள் விழுகின்றன என்று பார்த்தால், மெடிக்கல் கோடிங் என்ற தொழிலே முழுசாகப் புரிந்துவிடும்.

நோய்க்கு ஓர் எண்

கல்லூரி முடித்த பிள்ளைகள் இருக்கிற கொங்கு வட்டார வீடுகளில் ‘மெடிக்கல் கோடிங்’ பழகிப்போன சொல். ஆனால் இது ஏதோ கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற வேலை என்று நினைக்கிற பெற்றோர் இன்னும் உண்டு. புரோகிராமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை உலகமோ காப்பீட்டு நிறுவனங்களோ ஒப்புக்கொண்ட எண்களாக மாற்றுவதுதான் கோடிங். அந்தக் குறிப்புக்குத் தொழில் வழக்கில் ‘சார்ட்’ என்று பெயர்.

நோய்களுக்கு வரிசை எண் கொடுக்கும் வழக்கம் மரணக் கணக்கில் தொடங்கியது. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் இறப்புக் காரணங்களுக்கு ஒரு பட்டியலை முன்வைத்தார். 1948இல் அதன் ஆறாவது திருத்தத்தோடு பொறுப்பு உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்பு சாவுக்கு மட்டும்; அதற்குப் பிறகு உயிரோடு இருப்பவர்களின் நோய்களுக்கும் எண். அந்த வரிசையில் பத்தாவது திருத்தம்தான் இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் புழங்கும் ஐசிடி-10.

அமெரிக்கா இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கென்று நீட்டித்து ஐசிடி-10-சிஎம் என்ற வடிவத்தை உண்டாக்கி, பலமுறை தள்ளிப்போட்ட பிறகு 2015 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. பழைய ஒன்பதாம் பதிப்பில் நோய் எண்கள் ஏறத்தாழ 14,000. புதியதில் ஏறத்தாழ 70,000. இந்தப் பெருக்கத்தின் காரணத்தை இமையை வைத்தே சொல்லிவிடலாம். பழைய பதிப்பில் இமையின் ஒவ்வாமை அழற்சிக்கு 373.32 என்ற ஒரே எண். எந்தக் கண், எந்த இமை என்ற கேள்வியே இல்லை. புதியதில் அதே நோய்க்கு ஏழு எண்கள்.

ஏழும் ஒழுங்கான வரிசையில்தான் வருகின்றன. எச்01.111 என்றால் வலது மேல் இமை. கடைசிக் குறி 2 ஆனால் வலது கீழ் இமை. 3 என்றால் வலக்கண் தெரியும், இமை தெரியாது. 4 இடது மேல், 5 இடது கீழ், 6 இடக்கண்ணில் எந்த இமையோ. 7, 8 காலி. 9 வந்தால் கண்ணும் தெரியாது, இமையும் தெரியாது என்று பொருள். கதவு எண் இல்லாமல் ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய தபால் மாதிரிதான் அந்த 9.

அரை மில்லிமீட்டர் தோல்

இமைத்தோலின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அடியில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, தளர்வான திசுதான். அதனால் கொஞ்சம் நீர் கோத்தாலும் பொதபொதவென்று வீங்கிவிடும். உடம்பில் வேறெங்கோ பட்ட பொருள்கூட முதலில் காட்டிக்கொடுப்பது இமையில்தான். நகப்பூச்சு இதற்குப் பேர்போன உதாரணம். நகம் கனமானது, அதற்கு ஒன்றும் ஆகாது. அந்த விரலால் கண்ணைத் தொட்டுத் தேய்த்த பெண்ணுக்கு இமையில் அரிப்பு வரும். விரல் சுத்தமாக இருக்கும். குற்றவாளி யாரென்றே தெரியாது.

தலைச்சாயமும் அப்படித்தான். கறுப்புச் சாயங்களில் இருக்கும் பாரா-ஃபினிலீன்டயமின் என்ற வேதிப்பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலைச்சருமத்தைவிட முகமும் இமையும்தான் அதிகம் வீங்கும். “ஏனுங்க டாக்டர், காலைல எந்திரிச்சாக் கண்ணே திறக்க முடியலீங்க, இமையெல்லாம் உப்பிக்கிச்சுங்க” என்று வருகிறவர், இரண்டு நாளைக்கு முன் பேரன் காதுகுத்துக்காகச் சாயம் பூசியதைத் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால்தான் வரும்.

காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எதிரி பார்த்தீனியம். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்ட இந்த விஷப்பூண்டு, இன்று நாடு முழுக்கச் சாலையோரத்தில் வெள்ளைப்பூவாகப் பூத்துக் கிடக்கிறது. அதன் மகரந்தமும் காய்ந்த துகளும் காற்றில் பறந்து, துணி மூடாத முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று படியும். இமை அதில் முதல் பலி. கட்டட வேலைக்காரர்களுக்குச் சிமென்ட்டில் இருக்கும் குரோமேட் உப்பு. கண் சொட்டு மருந்துகளே சிலருக்கு ஒவ்வாமை தரும். நியோமைசின் அதில் அடிக்கடி பேர் வாங்குவது.

ஐசிடியில் ‘இமையின் தொற்றில்லாத் தோல் நோய்கள்’ என்ற தலைப்பின் எண் எச்01.1. அமெரிக்கப் பதிப்பு அதை நான்காகப் பிரிக்கிறது. எச்01.11 ஒவ்வாமை அழற்சி. எச்01.12 டிஸ்காய்டு லூபஸ். உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலே தோலைத் தாக்கி, காசு வடிவில் தழும்பு விட்டுப் போகும் நோய் இது. எச்01.13 எக்சிமா. எச்01.14 ஜீரோடெர்மா, அதாவது தோல் வறண்டு செதிலாக உரிவது. உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பில் இந்த நான்கும் எச்01.1 என்ற ஒரே எண்ணுக்குள் அடக்கம்.

தொற்றில்லாத இமைத்தோல் சிக்கல் எல்லாமே இந்தத் தலைப்பில் வந்துவிடும் என்று நினைத்தால் தவறு. இமையோரம் மஞ்சள் திட்டாகப் படியும் கொழுப்பு, அதாவது சாந்தெலாஸ்மா, எச்02.6க்குப் போகிறது. இமையில் வரும் வெண்புள்ளி எச்02.73. வயதானவர்களுக்கு மேல் இமைத்தோல் தொங்கிப் பார்வையை மறைப்பது எச்02.83. இமை விளிம்பு அழற்சியான பிளஃபரைட்டிஸ் எச்01.0. பார்க்க எல்லாம் ஒரே இடத்து நோய்தான். புத்தகத்தில் வேறு வேறு பக்கம்.

ஒரு சார்ட்டைத் திறந்து பார்த்தால்

பயிற்சிக்கு வைக்கத் தகுந்த மாதிரிச் சார்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 48 வயதுப் பெண். தலைச்சாயம் பூசிய இரண்டாம் நாளிலிருந்து இரு கண்களிலும் அரிப்பு, வீக்கம். பார்வை மங்கவில்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. பரிசோதனைப் பகுதியில், ‘இரு மேல் இமைகளும் சிவந்து, செதில் உரிந்து காணப்படுகின்றன, கீழ் இமைகள் இயல்பு’ என்று இருக்கிறது. முடிவுரைப் பகுதியில் வெறுமனே, ‘இமையின் ஒவ்வாமைத் தொடர்பு அழற்சி.’

அவசரக்காரர் முடிவுரையை மட்டும் படித்து எச்01.119 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். நிதானமானவர் சார்ட்டில் மேலே ஏறிப் போவார். நோயை டாக்டர் உறுதியாகப் பெயர் சொல்லிவிட்டார். எந்த இமை என்பதை அவரே பரிசோதனையில் எழுதியிருக்கிறார். ஆகவே எச்01.111, எச்01.114 என்று இரண்டு எண்கள். இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே எண் இங்கே கிடையாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பக்கத்து வீடான பிளஃபரைட்டிஸுக்கு 2018 அக்டோபரில் புது எண்கள் சேர்த்தார்கள். ஒரு கண்ணின் மேல் இமை, கீழ் இமை இரண்டும் பாதிக்கப்பட்டால், வலதுக்கு ‘ஏ’, இடதுக்கு ‘பி’ என்று ஒரே எண்ணில் முடித்துவிடலாம். தொற்றில்லாத் தோல் நோய்களுக்கு அந்தச் சலுகை வரவில்லை. நான்கு இமையும் வீங்கினால் நான்கு எண்தான். பிளஃபரைட்டிஸ் போட்டுப் பழகிய கை, இங்கேயும் ‘ஏ’ தேடும். கிடைக்காது.

சார்ட்டில் ஒரு சொல் மாறினால் எண்ணே மாறிவிடும். அதே டாக்டர், ‘ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. புறநோயாளி சார்ட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘ஒருவேளை’ என்று டாக்டர் எழுதும் நோய்க்கு எண் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டு விதி. அப்போது கண்ணால் பார்த்த அறிகுறிக்கு மட்டும்தான் எண். இமை வீக்கத்துக்கு எச்02.84 வரிசை, வலது மேல் எச்02.841, இடது மேல் எச்02.844. உள்நோயாளியாகப் படுத்து டிஸ்சார்ஜ் ஆனவருக்கு இந்த விதி நேரெதிர்: அங்கே சந்தேக நோயையும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்த முடிச்சு, தோல் அத்தியாயத்துக்கும் கண் அத்தியாயத்துக்கும் இடையிலான எல்லைத் தகராறு. ஒவ்வாமைத் தோல் அழற்சி என்று கோடிங் புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலில் தேடினால் எல்23க்கு இழுத்துக்கொண்டு போகும். எல்23இல் காரணங்களை அழகாகப் பிரித்திருக்கிறார்கள்: உலோகம் எல்23.0, அழகுப்பொருள் எல்23.2, சாயம் எல்23.4, செடி எல்23.7. ஆனால் அந்தத் தலைப்பின் கீழேயே, ‘இமை அழற்சி இதில் சேராது’ என்ற குறிப்பு இருக்கிறது. அதற்கு ‘எக்ஸ்க்ளூட்ஸ் 2’ என்று பெயர். அந்த நோய் இந்தத் தலைப்பில் அடங்காது. ஆனால் நோயாளிக்கு இரண்டும் இருந்தால் இரண்டு எண்ணும் போடலாம் என்பது அதன் பொருள்.

அமெரிக்கச் சார்ட்டுகளில் இதற்கு அடிக்கடி வரும் உதாரணம் பாய்சன் ஐவி என்ற கொடி. அதன் பால் பட்டால் முகம், கை, இமை எல்லாம் கொப்பளித்துவிடும். முகத்துக்கு எல்23.7, இமைக்கு எச்01.11 வரிசை. கொங்கு நாட்டுக் கோடர் அந்தக் கொடியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஆனால் வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டையும் மாம்பாலும் முந்திரி ஓட்டுப் பாலும் பட்டால் தோல் வெந்துபோவதை ஊரில் பார்த்திருப்பார். நான்கும் ஒரே தாவரக் குடும்பம்தான். பார்த்தீனியம் வேறு குடும்பம், ஆனால் எண் அதே எல்23.7.

சொட்டு மருந்தால் வந்த அழற்சியென்றால் இன்னொரு எண்ணும் கூடும். சரியாகக் கொடுத்த, சரியாகப் போட்டுக்கொண்ட மருந்தே எதிர்விளைவு தந்தது என்பதைச் சொல்ல டி49.5எக்ஸ்5ஏ. இதைப் போட வேண்டுமானால் மருந்துதான் காரணம் என்று டாக்டர் எழுத்தில் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். மருந்துப் பட்டியலில் சொட்டு மருந்து இருக்கிறது, இமையும் வீங்கியிருக்கிறது என்பதை வைத்து கோடரே முடிச்சுப் போட உரிமை இல்லை.

வலது முதலா, இடது முதலா?

நோய்க்கு ஓர் எண் என்றால், செய்த வேலைக்கு இன்னொன்று. அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிபிடி எண். இமைத்தோலில் சிறு துண்டு வெட்டி பயாப்சிக்கு அனுப்பினால் 67810. முதுகில் பட்டை ஒட்டி ஒவ்வாமைப் பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு 95044. ஒட்டிய பொருள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

எந்த இமையில் வெட்டினார் என்பதை ஈ1, ஈ2, ஈ3, ஈ4 என்ற ஒட்டுக்குறிகள் சொல்லும். வேடிக்கை இங்கேதான். நோய் எண்ணில் வலது மேல் இமைதான் 1. ஒட்டுக்குறியிலோ இடது மேல் இமைதான் 1. இடது கீழ் 2, வலது மேல் 3, வலது கீழ் 4. வலது மேல் இமை பயாப்சிக்கு நோய் எண் 1இல் முடியும், ஒட்டுக்குறி 3 ஆகும். இரண்டையும் 1 என்று போட்டால் என்ன ஆகும்? நோய் வலது இமையில், வெட்டியது இடது இமையில் என்று பில் போகும். காப்பீட்டு நிறுவனத்தின் கணினி அதை உடனே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

திரும்பி வரும் பில்லுக்கு ‘டினையல்’ என்று பெயர். அதைத் துரத்திப் பிடிக்க இன்னொரு அணி இருக்கிறது. ‘ஏ.ஆர். காலர்’ என்று சொல்லப்படும் இளைஞர்கள் அமெரிக்கப் பகல் நேரத்துக்கு ஏற்ப இரவு முழுக்க ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து காப்பீட்டு நிறுவனங்களை அழைக்கிறார்கள். கோடிங் அணிக்குப் பெரும்பாலும் பகல் ஷிப்ட். பகலில் மாறிப்போன ஒரு குறி, சில வாரம் கழித்து இன்னொருவரின் இரவைத் தின்கிறது.

சுருக்கெழுத்தும் வேலை வைக்கும். ஆர்யுஎல் என்றால் கண் சார்ட்டில் வலது மேல் இமை. நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதி. ஓடி என்றால் நம் ஊர் மருந்துச் சீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வேளை; அமெரிக்கக் கண் சார்ட்டில் வலக்கண். பி.ஃபார்ம் முடித்து வருகிறவர்கள் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான்.

பணம் எப்படி எழுத்தில் தொங்குகிறது என்பதற்கு மேல் இமைத்தோல் தொங்கல் நல்ல சாட்சி. தொங்கும் தோலை வெட்டிச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை அழகுக்காக என்றால் காப்பீடு ஒரு காசு தராது. பார்வையை மறைக்கிறது என்றால் தரும். மறைக்கிறது என்று வெறுமனே எழுதினாலும் போதாது. பார்வைப் புலச் சோதனை முடிவும் புகைப்படமும் நோயாளியின் அன்றாடச் சிரமமும் சார்ட்டில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் வழக்கமாகக் கேட்கிறது.

காந்திபுரத்திலிருந்து சேலம் வரை

நூற்பாலையும் பம்ப்செட்டும் பனியனும் வளர்த்த பூமி இது. அறிவியல் பட்டதாரிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஊரை விட்டுப் போகாமல் கிடைக்கும் அலுவலக வேலைகளில் மெடிக்கல் கோடிங் இன்று முக்கியமான ஒன்று. காந்திபுரம் பக்கம் பயிற்சி மையப் பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு பகுதிகளின் ஐ.டி. வளாகங்களில் கம்பெனிகள். சேலத்திலும் அமெரிக்க மருத்துவ நிறுவனங்களுக்கான வேலை நடக்கிறது. ஈரோடு, கோபி, தாராபுரம் பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கியோ தினமும் பஸ் ஏறியோ இந்த வேலைக்கு வருகிறார்கள்.

சேரும்போது சான்றிதழ் இல்லாவிட்டாலும், சம்பளம் ஏற ‘சிபிசி’ தேர்வு வேண்டும். ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்துவது. 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றதும் சுலபம் என்று தோன்றும். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. செங்கல் கனத்தில் இருக்கும் புத்தகங்களில் எந்தக் குறிப்பு எந்தப் பக்கத்தில் என்று விரல் அறிந்திருந்தால்தான் நேரத்துக்குள் முடியும். அதனால்தான் தேர்வர்களின் புத்தகம் முழுக்க வண்ண வண்ணச் சீட்டு ஒட்டி, ஓரமெல்லாம் பேனாக் குறிப்பாக இருக்கும்.

வேலையில் சேர்ந்த பிறகு இரண்டு தராசு. ஒன்று ‘புரொடக்‌ஷன்’: நாளைக்கு இத்தனை சார்ட். இன்னொன்று ‘குவாலிட்டி’: பொதுவாக 95 சதவீதத் துல்லியம். வேகம் கூடினால் துல்லியம் சறுக்கும். துல்லியம் பார்த்தால் கணக்கு எட்டாது. எச்01.119 போன்ற ‘தெரியாது’ எண்களின் கவர்ச்சி இங்கேதான். அது விதிப்படி தப்பில்லை, சட்டென்று முடிந்துவிடும். ஆனால் சார்ட்டின் உள்ளே விவரம் கிடக்கும்போது அதைப் போட்டால் ஆடிட்டர் பிழை என்று குறித்துவிடுவார். விவரமே இல்லையென்றால் டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதற்கு ‘குவெரி’ என்று பெயர். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘வலது மேல் இமைதானே?’ என்று பதிலை ஊட்டிவிட்டுக் கேட்கக் கூடாது. ‘பாதிக்கப்பட்ட இமை எது?’ என்றுதான் கேட்க வேண்டும்.

பக்கம் எது என்ற விஷயத்தில் அண்மையில் விதி தளர்ந்திருக்கிறது. டாக்டர் எழுதாமல் விட்டிருந்தாலும், அதே நோயாளியைக் கவனித்த மற்ற மருத்துவப் பணியாளர் சார்ட்டில் வலது, இடது என்று குறித்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். இருவர் எழுதியதும் முரண்பட்டால் மறுபடியும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நம் ஊர்ச் சீட்டில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் இமைகளை இவ்வளவு நுணுக்கமாகப் பதிகிற அதே கோயம்புத்தூர், கண் மருத்துவத்துக்கும் பேர்பெற்ற ஊர். டாக்டர் ஆர்.வி. ரமணி தம்பதி 1977இல் தொடங்கிய சேவையிலிருந்து வளர்ந்தது சங்கரா கண் மருத்துவமனை. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997இல் அவிநாசி சாலைக்கு வந்தது. சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்தும் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கும் ஊர்.

இந்தியாவில் மருத்துவமனைகளின் பதிவேட்டுப் பிரிவு உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10ஐப் பயன்படுத்துகிறது. அதில் எச்01.1 என்ற நான்கு குறியோடு கதை முடிந்துவிடும். எந்த இமை என்று எண்ணில் சொல்ல வழியில்லை. இங்கே மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகிறது. இமை அரிப்புக்கு யாரும் அட்மிட் ஆவதில்லை. புறநோயாளியாக வந்து, சொட்டு மருந்தும் களிம்பும் வாங்கிக்கொண்டு, கையிலிருந்து பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள். அதனால் அந்த எண்ணை யாரும் துரத்திப் பிடிப்பதில்லை. காப்பீடு கோரும் படிவத்தில், மருத்துவமனை நிரப்ப வேண்டிய ‘பி’ பகுதியில் ஐசிடி-10 எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது. நோயாளிகள் பலரும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பது கிளெய்ம் திரும்பி வந்த பிறகுதான்.

பணம் சம்பந்தப்படாவிட்டாலும் பதிவின் தேவை குறைந்துவிடாது. இமை அழற்சி திரும்பத் திரும்ப வருகிற நோய். முதல்முறை ‘அலர்ஜி’ என்ற ஒரே சொல்லோடு சீட்டு முடிந்திருந்தால், அடுத்தமுறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கதை முதலிலிருந்து தொடங்கும். இடையில் பலர் செய்வது, பழைய சீட்டைக் காட்டியோ காட்டாமலோ மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசிக்கொள்வது. அரிப்பு உடனே அடங்கும். மாதக்கணக்கில் இமையில் பூசினால் தோல் இன்னும் மெலியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், கண்புரைக்கும் வழி. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இந்த மாதிரித் துஷ்பிரயோகத்தை மனதில் வைத்துத்தான்.

தொற்றா இல்லையா என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதாமல் விடுவதும் ஆபத்து. அக்கி வைரஸால் வந்த கொப்புளத்தை ஒவ்வாமை என்று நினைத்து ஸ்டீராய்டு பூசினால் நோய் கருவிழி வரைக்கும் போகலாம். ‘சீழ் இல்லை, கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை’ என்று இல்லாதவற்றையும் மருத்துவர் எழுதுவது இதற்காகத்தான். கோடருக்கு அது எச்01.1 சரிதான் என்பதற்கான ஆதாரம். அடுத்த மருத்துவருக்கு அது ஓர் எச்சரிக்கைக் கோடு.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் பட்டைச் சோதனைக்கு, இந்தியச் சூழலுக்கென்று வகுத்த பொருள் வரிசையே இருக்கிறது. பாரா-ஃபினிலீன்டயமின், நிக்கல், நியோமைசின் ஆகியவற்றோடு பார்த்தீனியமும் அதில் உண்டு. முதுகில் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் குளிக்காமல் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, மீண்டும் ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். கோடை வெயிலில் தோட்டத்து வேலை செய்கிறவரிடம் இரண்டு நாள் குளிக்காமல், வியர்க்காமல் இருக்கச் சொல்வதே பெரிய காரியம். அப்படிச் சிரமப்பட்டுக் கண்டுபிடித்த பொருளின் பெயர் நோயாளியின் சீட்டில் ஏறாமல் போனால், அடுத்த சாய வாங்கலில் எல்லாம் வீண்.

வரப்போகும் எண்கள்

பதினோராவது திருத்தமான ஐசிடி-11ஐ உலக சுகாதாரப் பேரவை 2019 மே மாதம் ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் வலது, இடது என்பதற்குத் தனி நீட்சிக் குறி இருக்கிறது. நோய் எண்ணோடு அதை இணைத்து எழுதலாம். அமெரிக்கா வளர்த்தெடுத்த நுணுக்கத்தை, 70,000 எண்கள் இல்லாமலே எந்த நாடும் எட்ட முடியும் என்பது ஏற்பாடு. 2024 ஜனவரி 10இல் ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவ நோய்களுக்கான பகுதியும் டெல்லியில் வெளியானது. சித்த மருத்துவர் எழுதும் நோய்ப் பெயருக்கும் இனி உலக எண் உண்டு. அமெரிக்கா இன்னும் பத்திலேயே இருக்கிறது. ஆகவே சரவணம்பட்டியின் எச்01.111 இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

கணினியே சார்ட்டைப் படித்து எண்ணைப் பரிந்துரைக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. எளிய சார்ட்டுகளை அவை வேகமாக முடித்துவிடுகின்றன. ஆனால் முடிவுரையில் ஒன்றும் பரிசோதனையில் இன்னொன்றும் இருக்கிற சார்ட்டில், பழைய விசிட்டிலிருந்து டாக்டர் அப்படியே நகல் எடுத்து ஒட்டிய பத்தி இருக்கிற சார்ட்டில் மென்பொருள் தடுமாறும். போன மாதம் இடது இமை, இந்த மாதம் வலது இமை என்றால் நகலெடுத்த பத்தியில் இடது என்றே கிடக்கும். கோடர்களின் வேலை மெல்ல மெல்ல, எண் தேடுவதிலிருந்து கணினி தேடியதைச் சரிபார்ப்பதற்கு மாறிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் இமை அரிப்போடு டாக்டரிடம் போகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில காரியங்கள் உண்டு. எந்த இமை, என்றைக்குத் தொடங்கியது, அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் தலையிலும் முகத்திலும் விரலிலும் என்னென்ன பட்டது என்பதை யோசித்துக்கொண்டு போகலாம். அலர்ஜி என்றால் எதனால் என்று கேட்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம். தெரியவில்லை என்றால், பட்டைச் சோதனை செய்யும் தோல் மருத்துவர் யார் என்று கேட்கலாம். சாயப் பாக்கெட்டையும் கண்மை டப்பாவையும் தீர்ந்துபோன சொட்டு மருந்துப் புட்டியையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. அவற்றின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியல், நோயாளி வாயால் சொல்ல முடியாததை டாக்டருக்குச் சொல்லிவிடும்.